பன்னிரண்டாம் நம்பர் புரதம்

எங்கள் ஆய்வகத்தில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தைந்து. குரு சீடரை 'சார்' என்பார். சீடர் குருவை 'மேடம்' என்பார். புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் தமக்குள் சிரித்துக்கொள்வார்கள். அதற்குமேல் சிரிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

குரு, டாக்டர் மங்கையர்க்கரசி. சீடர், சவரிராயன். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் விலங்கியல் பாடம் நடத்திவிட்டு, நீண்ட விடுப்புப் போட்டு டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்தவர்.

நான் ஜமீலா. செல் வளர்ப்பது என் வேலை. பதினோரு வருடத்தில் என் தட்டு ஒன்றில்கூடப் பூஞ்சை பிடித்ததில்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

வந்த முதல் நாள் சவரிராயன் சார் நாற்காலியில்கூட உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"மேடம், விரால் மீனோட மூளையிலயும் அதே டி.என்.ஏ.தான், துடுப்புலயும் அதே டி.என்.ஏ.தான். ஒரு எழுத்துகூட மாத்தமில்ல. பின்ன மூளைச் செல்லை மட்டும் நீ மூளையா இருன்னு யாரு சொல்றது?"

"தெரியலையே சார். தேடிப் பாருங்க."

அவ்வளவுதான் குருவின் முதல் உபதேசம். சார் அன்று சாயங்காலமே மீன் சந்தைக்குப் போய் உயிரோடு இரண்டு விரால் வாங்கி வந்தார். ஒன்று வாளியிலிருந்து எகிறிக் குதித்து மேடத்தின் அறை வரைக்கும் போனது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சோதனையானாலும் முதல் குழாய் வெறுங்குழாய். எதைச் சோதிக்கிறோமோ அது மட்டும் அதில் இருக்காது, மற்றதெல்லாம் இருக்கும். அதற்குச் சிவப்பு மையில்தான் பெயர் எழுத வேண்டும். வேறு இடங்களிலும் இது உண்டு. ஆனால் அங்கெல்லாம் ஒருமுறை செய்து வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு அதையே காட்டுவார்கள். எங்களிடம் அந்தக் கதை நடக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

நோட்டுப் புத்தகம் விஷயத்திலும் நாங்கள் ஒரு தனி ரகம். எல்லாருடைய நோட்டும் நடு மேசையில் கிடக்கும். யாரும் யாருடையதையும் எடுத்துப் படிக்கலாம். ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதலாம். பதில் மட்டும் எழுதக் கூடாது. மேடமும் எழுதக் கூடாது, அந்த விதியைப் போட்டதே அவர்தான்.

சார் தேடியது என்னவென்று நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். மரபணு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நீளத் துண்டு டி.என்.ஏ. இருக்கிறது. அதை முன்பகுதி என்போம். சில புரதங்கள் அங்கே வந்து உட்காரும். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மரபணு வேலை செய்வதும் செய்யாததும். பாடப் புத்தகத்தில் இந்தப் புரதங்களுக்குப் படியெடுத்தல் காரணிகள் என்று பெயர். எங்கள் பேச்சில் வெறும் 'ஃபேக்டர்'.

சார் விராலின் நரம்பு மரபணு ஒன்றை எடுத்துக்கொண்டார். மூளைச் செல்லில் அது மும்முரமாக வேலை செய்யும். துடுப்புச் செல்லில் மூச்சு விடாது. அதன் முன்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தின் மரபணுவோடு ஒட்டினார். இதைச் செல்லுக்குள் விட்டால், முன்பகுதி வேலை செய்கிற செல் பச்சையாக ஒளிரும். வேலை செய்யாத செல் இருட்டாகக் கிடக்கும்.

மூளைச் செல் ஒளிர்ந்தது. துடுப்புச் செல் ஒளிரவில்லை.

"அப்ப மூளையில ஏதோ ஒரு ஃபேக்டர் இருக்கு. அதுதான் இந்த மரபணுவை எழுப்புது. துடுப்புல அது இல்லை. அதைப் பிடிச்சுத் துடுப்புக்குள்ள விட்டா துடுப்பும் ஒளிரணும்," என்றார் சார்.

கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினோம். மேடமும் தலையாட்டினார். தப்பாக எதுவும் தெரியவில்லை.

மூளையிலிருந்து ஒவ்வொரு புரதமாகப் பிரித்தெடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டார். ஒவ்வொன்றையும் துடுப்புச் செல்லுக்குள் விட்டுப் பார்த்தார். நான்கு வருடம். பதினோரு புரதம். பதினோரு முறையும் மைக்ராஸ்கோப்பில் இருட்டைத்தான் பார்த்தார். ஐந்தாம் நம்பர் தோற்ற அன்று அவருக்குச் சர்க்கரை ஏறி மயக்கம் வந்துவிட்டது. மறுநாள் காலை வந்து ஆறாம் நம்பரைத் தொடங்கினார்.

இந்த வருடம் ஜூன் மாதம் ஒரு காரியம் செய்தார். முன்பகுதி ரொம்ப நீளமாக இருந்ததால் ஒட்டும்போது அடிக்கடி சொதப்பியது. அதில் அறுநூறு எழுத்துத் துண்டு ஒன்றை வெட்டிவிட்டு, மூளைச் செல்லில் விட்டுப் பார்த்தார். வெட்டுவதற்கு முன் எவ்வளவு ஒளியோ, வெட்டிய பிறகும் அவ்வளவு ஒளி.

"ஜமீலாம்மா, இந்த அறுநூறு எழுத்து தண்டச் சோறு. ஒரு வேலையும் செய்யலை. இனிமே எல்லாச் சோதனைக்கும் இந்தக் குட்டை முன்பகுதிதான்," என்றார். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு மிடுக்கு இருந்தது. மேடம் அப்போது ஒரு மாதப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார்.

செப்டம்பர் வந்துவிட்டது. முப்பதாம் தேதியோடு விடுப்பு முடிகிறது. இனி ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கமிட்டி. அங்கே எல்லாம் நன்றாக முடிந்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு டாக்டராக ஊருக்குப் போகலாம். இல்லாவிட்டால் வந்தபடியே திரும்ப வேண்டும்.

அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் பன்னிரண்டாம் நம்பர்.

"ஜமீலாம்மா! ஜமீலாம்மா, இங்க ஓடி வாங்க!"

மைக்ராஸ்கோப் அறைக்கு ஓடினேன். சார் நகர்ந்து இடம் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். துடுப்புச் செல்கள். நான் வளர்த்த துடுப்புச் செல்கள். தட்டு முழுக்கப் பச்சை.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுத்து நோட்டில் ஒட்டினார். பக்கத்தில் வெறுங்குழாயின் இருட்டுப் படத்தையும் ஒட்டினார். நான் கடைவீதிக்குப் போய் மைசூர்பாகு வாங்கி வந்து மாடி மாடியாகக் கொடுத்தேன். எங்கள் சார் கண்டுபிடித்துவிட்டார் என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை மேடம் நடு மேசைக்கு வந்து சாருடைய நோட்டை எடுத்தார். நின்றபடியே படித்தார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். ஜூன் மாதப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அறைக்குள் போனார்.

சார் வந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

'இந்த வெறுங்குழாய் எந்த மாதத்துடையது?'

"பிப்ரவரியோடது," என்றார் என்னிடம். "அதுக்கென்ன இப்போ? துடுப்புல வெறுங்குழாய் நூறு தடவை போட்டாச்சு. நூறு தடவையும் இருட்டுதான். நூத்தி ஒண்ணாவது தடவை மட்டும் விடிஞ்சிடுமா?"

"அதானே," என்றேன் நான். எனக்கும் மேடம் மேல் கோபம்தான். நாலு வருடம் கழித்து மனுஷன் சிரிக்கிறார், இந்த நேரத்தில் மாதம் கேட்கிறாரே என்று இருந்தது.

சார் நேராக மேடத்தின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. கேட்கக் கூடாதென்று நான் நினைக்கவும் இல்லை.

"மேடம், வெள்ளிக்கிழமை கமிட்டி."

"ஆமா சார்."

"வெறுங்குழாய் புதுசா போட்டா ரெண்டு முழு நாள் ஆகும்."

"ஆமா சார்."

"போடணுமா?"

மேடத்தின் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். போடுன்னா போடுறேன். வேண்டாம்னா விட்டுடறேன்."

"நோட்டு உங்களோடது சார்."

சார் வெளியே வந்தார். தன் மேசையில் உட்கார்ந்து கமிட்டிக்கான படங்களைத் தயார் செய்ய ஆரம்பித்தார். மதியம் டிபன் டப்பாவைத் திறந்து, அப்படியே மூடி வைத்தார். சாயங்காலம் நான் கிளம்பும்போது தலைப்புப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 'விரால் மீனின் நரம்பு மரபணுவைத் தூண்டும் ஒரு புதிய புரதம்.'

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நான் பூட்டைத் திறக்கும்போதே கதவுக்கு வெளியே நின்றார்.

"துடுப்புச் செல் எத்தனை தட்டு இருக்கு?"

"நாலு இருக்கு சார்."

"நாலையும் குடுங்க."

"என்ன சார் திடீர்னு? மேடம் ஏதாவது சொன்னாங்களா?"

"அவங்க எங்க சொல்றாங்க? இருபத்தெட்டு வருஷமா பசங்களுக்கு இதையேதாம்மா சொல்லிக் குடுத்தேன். வெறுங்குழாய் இல்லாத சோதனை சோதனையே இல்லைன்னு கரும்பலகையில எழுதிப் போட்டிருக்கேன். அடிக்கோடு வேற போட்டிருக்கேன். நேத்து அந்தக் கரும்பலகைதான் கண்ணுக்குள்ளேயே நின்னுச்சு."

நாலு தட்டையும் வரிசையாக வைத்தார். முதல் இரண்டில் பழைய நீள முன்பகுதி. அதில் ஒன்றுக்குப் பன்னிரண்டாம் நம்பர் புரதம், ஒன்று வெறும். அடுத்த இரண்டில் வெட்டிய குட்டை முன்பகுதி. அதிலும் ஒன்றுக்குப் பன்னிரண்டாம் நம்பர், ஒன்று வெறும். வெறும் தட்டு இரண்டுக்கும் சிவப்பு மையில் பெயர் எழுதினார். பதினோரு மணிக்கு நான்கும் இன்குபேட்டருக்குள் போயின.

வியாழக்கிழமை பதினோரு மணி. மைக்ராஸ்கோப் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

நீள முன்பகுதி, வெறும் தட்டு. இருட்டு.

"இது தெரிஞ்சதுதான்," என்றார்.

நீள முன்பகுதி, பன்னிரண்டாம் நம்பர். அதுவும் இருட்டு.

சார் தட்டை மாற்றினார்.

குட்டை முன்பகுதி, பன்னிரண்டாம் நம்பர். பச்சை. சனிக்கிழமை பார்த்த அதே பச்சை. எனக்கு மூச்சு வந்தது.

குட்டை முன்பகுதி, வெறும் தட்டு.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் பார்த்தேன். அதே பச்சை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பன்னிரண்டு ஒண்ணுமே செய்யலை ஜமீலாம்மா," என்றார். "புரதம் இல்லாமலே ஒளிருது."

அப்போது நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

"யாருக்குத் தெரியப் போகுது சார்? நீங்க பார்த்தீங்க, நான் பார்த்தேன். நாளைக்கு ஒரு நாள்தானே. இந்தத் தட்டைக் கழுவிடட்டுமா?"

சார் என்னைத் திட்டவில்லை. கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நடு மேசைக்குப் போய் நோட்டைத் திறந்து, நாலு தட்டின் முடிவையும் பேனாவால் எழுதினார். கீழே தேதி போட்டார், மணி போட்டார், கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் குருவின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மேடம், வெறுங்குழாயும் ஒளிருது."

"சரி சார்."

"பன்னிரண்டு புரதத்தைப் போட்டு எழுப்பிப் பார்த்தேன். ஒண்ணுகூட எழுப்பலை. நான் அந்த அறுநூறு எழுத்தை வெட்டினதும் அது தானா எழுந்திருச்சிருக்கு. மூளையில அந்தத் துண்டு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். நான் சோதிச்சுப் பார்த்துட்டுத்தானே வெட்டினேன்? அங்க ஒரு வேலையும் செய்யாத துண்டு, துடுப்புல மட்டும் என்ன செஞ்சுக்கிட்டிருந்துச்சு?"

மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வாங்க சார். கீழ போயிட்டு வரலாம்."

கீழ்த் தளத்தில் எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு உள்தேர்வு நடந்துகொண்டிருந்தது. அறுபது பேர். பின் வாசலில் போய் நின்றோம். மின்விசிறிச் சத்தமும் பேனாச் சத்தமும் தவிர வேறு சத்தமில்லை. கண்காணிப்புக்கு ஓர் ஆசிரியர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். மேடம் அவரைக் கை காட்டி வெளியே அழைத்தார்.

"ஒரு நிமிஷம் இங்க நில்லுங்க சார்."

அவர் வராந்தாவுக்கு வந்தார். ஏதோ அவசரச் செய்தி என்று நினைத்தார் போலும். மேடம் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவரும் விழித்துக்கொண்டு நின்றார்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே முதலில் ஒரு செருமல். பிறகு ஒரு பெஞ்சு நகர்ந்தது. "மூணாவது கேள்விக்கு என்னடி?" என்று ஒரு குரல். இந்தப் பக்கம் சிரிப்பு, அந்தப் பக்கம் காகிதம் கை மாறும் சத்தம். ஒரு நிமிடம் முடிவதற்குள் ஹால் சந்தைக்கடை ஆகிவிட்டது.

"ஐயையோ," என்று கண்காணிப்பாளர் உள்ளே ஓடினார். கால் வைத்ததுதான் தாமதம், மறுபடி மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

மேடம் சாரைப் பார்த்தார்.

"சார், நீங்க எத்தனை வருஷம் தேர்வு ஹால்ல நின்னிருப்பீங்க?"

"இருபத்தெட்டு வருஷம்."

"அங்க உங்களுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல மேடம். சும்மா நடந்துக்கிட்டு..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

உள்ளே நடக்கிற கண்காணிப்பாளரைப் பார்த்தபடியே, "மூணு மணி நேரம் முடியறப்போ கால் வீங்கிடும்," என்றார். மேடத்திடம் சொன்னாரா, தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஓடினார். ஐம்பத்தைந்து வயது மனிதர், சர்க்கரை நோயாளி, இரண்டிரண்டு படியாக ஏறினார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிப் போய்ச் சேர்வதற்குள், வெட்டி எறிந்த அந்த அறுநூறு எழுத்தும் அச்சான தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் அவர் கல்லூரியில் பாடம் நடத்திய அதே புத்தகம். பென்சிலால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொண்டே போனார்.

"இதோ!"

அறுநூறு எழுத்துக்கு நடுவில் இருபத்தோரு எழுத்து. எலியின் நரம்பு மரபணுக்களில் ஓர் அடக்கும் ஃபேக்டர் வந்து உட்காரும் இடம் என்று புத்தகத்தில் போட்டிருந்த எழுத்துகள், மூன்று நான்கு மட்டும் மாறி, விராலிலும் அப்படியே இருந்தன.

"எழுப்பற ஆளுங்க துடுப்புலயும் இருந்திருக்காங்க ஜமீலாம்மா. நான் ஆளே இல்லைன்னு நினைச்சு மூளையில போய்த் தேடினேன். துடுப்புல ஒருத்தன் இந்த இடத்துல உட்கார்ந்துக்கிட்டு, இது உன் வேலை இல்லைன்னு அமுக்கி வெச்சிருக்கான். மூளையில அவன் இல்லை. அதனாலதான் அங்க இந்த இடம் இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். இதை நானே வகுப்புல நடத்தியிருக்கேன். பத்து மார்க் கேள்வி!"

தலையில் அடித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே அடித்துக்கொண்டார்.

விராலின் அந்த மரபணுவில் இப்படி ஓர் இடம் இருப்பதை அதுவரை யாரும் காட்டியதில்லை. ஆனால் இதை ஓர் ஆய்வேடாக ஆக்க வேண்டுமானால், அங்கே உட்கார்வது யார் என்று பிடித்துக் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு வருடம் ஆகும். விடுப்பு இன்னும் மூன்று நாள். இந்தக் கணக்கு சாருக்குத் தெரியாததல்ல. உட்கார்ந்து, கமிட்டிக்குத் தயார் செய்திருந்த ஐம்பத்திரண்டு படங்களையும் அழித்தார். நாலு தட்டின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. கமிட்டியில் மூன்று பேர். இரண்டு பேர் எங்கள் பல்கலைக்கழகம். மூன்றாமவர் கோவையிலிருந்து வந்த பெரியவர். அவர் கேள்வி கேட்டால் எதிரே நிற்கிறவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பெயர் எடுத்தவர். மேடம் முதல் வரிசையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசியில் சுவரோரமாக நின்றேன்.

சார் எழுந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார்.

"உங்க கையில இருக்கிற தாள்ல ஒரு தலைப்பு இருக்கு. அது தப்பு. அதை முதல்ல அடிச்சிடுங்க," என்று ஆரம்பித்தார்.

கோவைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

சார் ஒன்று விடாமல் சொன்னார். பதினோரு புரதம், ஜூன் மாதம் வெட்டிய துண்டு, பிப்ரவரி மாத வெறுங்குழாய், சனிக்கிழமை சந்தோஷம், வியாழக்கிழமை நாலு தட்டு. தான் சறுக்கிய இடம் வரும்போது குரலைத் தாழ்த்தவில்லை. கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் வகுப்புக் குரலிலேயே சொன்னார்.

"ஏனுங்க, நாலு வருஷம் பாடுபட்டுட்டு அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஒண்ணுமில்லைங்கறீங்களா?" என்றார் கோவைக்காரர்.

"ஆமாங்க சார். அது ஒண்ணும் செய்யலை. மூளைச் செல்லை மூளையா ஆக்கறது யாருன்னு கேட்டு வந்தேன். துடுப்பைத் துடுப்பா வெச்சிருக்கிறது யாருன்னு கேட்டிருக்கணும்."

"இந்த வெறுந்தட்டை மறுபடி போட்டுப் பாருங்கன்னு யாருங்க சொன்னது? உங்க மேடமுங்களா?"

"யாரும் சொல்லலை."

"அப்ப உங்க சோதனை தப்புன்னு கண்டுபிடிச்சது?"

"நான்தான் சார்."

மார்க் வாங்கிய பிள்ளை அதை வீட்டு வாசலில் நின்று சொல்வதுபோல் சொன்னார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெருமை தாங்காமல் வந்த அழுகை. அந்த ஹாலில் எத்தனையோ பேர் தங்கள் வெற்றியைப் பற்றிப் பேசி நான் கேட்டிருக்கிறேன். இப்படி நிமிர்ந்து நின்று பேசியவரைப் பார்த்ததில்லை.

பதினோரு மணிக்கு முடிவு சொன்னார்கள். புதிய தலைப்பு, இன்னும் ஒரு வருடம். பட்டம் இப்போதைக்கு இல்லை. சார் திங்கட்கிழமை கல்லூரியில் சேர்ந்துவிட்டு, சனி, ஞாயிறுகளில் பஸ் பிடித்து இங்கே வந்து வேலை செய்யலாம். சார் தலையாட்டினார். முகம் கொஞ்சம் வாடியது என்பதை மறைக்க மாட்டேன். டாக்டர் சவரிராயன் என்று வீட்டு வாசலுக்குப் பெயர்ப் பலகை எழுதக் கொடுத்திருந்தார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கோவைக்காரர் புறப்படும்போது சாரிடம் வந்தார்.

"அந்த நாலு தட்டு படத்துல ஒரு பிரதி எனக்குக் குடுங்க. எங்க பசங்ககிட்டக் காட்டோணும்."

"என்னன்னு சொல்லிக் காட்டுவீங்க சார்?"

"உங்க பேரைச் சொல்லித்தான் காட்டுவேனுங்க," என்று சொல்லிவிட்டு, தன்னைவிட வயதில் சிறியவருக்குக் கை கூப்பிவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு ஹாலில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன். சார் படம் காட்டும் கருவியின் வயரைச் சுருட்டிக்கொண்டே, மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மேடம், உங்களுக்குத் திங்கட்கிழமையே தெரியும், இல்லையா?"

"முக்கால்வாசி தெரியும் சார்."

"நான் தட்டே போடாம, இன்னைக்கு அந்தப் பச்சைப் படத்தோட வந்து நின்னிருந்தா?"

"பத்து மணிக்கு நானே எழுந்து சொல்லியிருப்பேன். அதுக்கு மேல பொறுத்திருக்க மாட்டேன்."

"அதைத் திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாமே. நான் வந்து கேட்டப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, கண்டுபிடிச்சது யாருன்னு அவர் கேட்டப்போ நீங்க என்ன பதில் சொல்லியிருப்பீங்க?"

சார் வயரைச் சுருட்டுவதை நிறுத்தினார். அவர் மனசு அதில் முழுக்க ஆறிவிடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை அவர் மூடி வைத்த டிபன் டப்பாவைப் பார்த்தவள் நான்.

"அது சரி மேடம். ஆனா நான் வெளியில நாலு நாளா அல்லாடிக்கிட்டுக் கிடந்தேன். நீங்க உள்ள ஒண்ணும் செய்யாம உட்கார்ந்திருந்தீங்க."

மேடம் நிமிர்ந்தார். அப்போதுதான் நான் கவனித்தேன், அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டியிருந்தது.

"ஒண்ணும் செய்யாமலா?" என்றார். "பதினஞ்சு வருஷமா இந்த வேலையில இருக்கேன் சார். இந்த நாலு நாள் உழைச்ச மாதிரி ஒரு நாளும் நான் உழைச்சதில்லை."